ஏடு நம்முடையது, பழியும் நமக்கா?

மதுரை புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகளோடு மாந்திரீக நூல்களும் விற்றதை வண்டியூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். வசியம், தம்பனம், உச்சாடனம், மாரணம் முதலான எட்டுக் கருமங்கள், கட்டம் போட்ட சக்கரங்கள், ஊடே மூலிகைக் குறிப்புகள். புலிப்பாணி, கருவூரார் எனச் சித்தர் பெயர்களில் ஏட்டிலிருந்து அச்சேறியவை.

இந்த எழுத்து நமக்கு அந்நியமல்ல. பறையர், பள்ளர் வீட்டுச் சடங்குகளை வள்ளுவர்கள் நடத்தினர், சோதிடமும் பார்த்தனர் என்று 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல் பதிவு செய்கிறது. படிப்பு மறுக்கப்பட்டவர்களிடம் ஏடு வாசிக்கும் மரபு இருந்தது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும் ஏடு படித்த சித்த மருத்துவர்தான். தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்த்ததாக அவர் எழுதினார்.

அந்த அறிவை மறந்த ஊர், 'சூனியக்காரன்' என்ற பழியை மட்டும் சேரியின் மேல் போட்டது. பில்லி, ஏவல் என்று பயமுறுத்திக் காசு பறிப்பவர்களிடம் முதலில் ஏமாறுவதும் ஏழைகள்தான். தாயத்தும் மந்திரமும் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிதான் வழி.

அதற்காக, பரணில் கிடக்கும் ஏட்டை வைகையில் விடவும் வேண்டாம், பயந்து எரிக்கவும் வேண்டாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. மாணவர்கள் சுவடி எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். மந்திரத்துக்கு நடுவே ஒரு மருந்து இருக்கலாம்; நம் பாட்டன் எழுதிய எழுத்தும் இருக்கலாம்.