வெள்ளைப் பந்து எங்கே நிற்கும்?

2025 நவம்பரில் கத்தார் நாட்டின் தோஹா நகரில் உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் போட்டியின் மகளிர் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் நம் சென்னையைச் சேர்ந்த 23 வயது அனுபமா ராமச்சந்திரன். எதிரே ஹாங்காங்கின் இங் ஆன் யீ, மூன்று முறை உலக மகளிர் சாம்பியன் ஆனவர். ஐந்து ஃபிரேம்களில், அதாவது ஐந்து சுற்றுகளில், மூன்றை ஜெயிப்பவருக்குப் பட்டம். வந்த முடிவு இது: 51-74, 65-41, 10-71, 78-20, 68-60.

ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் அனுபமாவுடையது. வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதல் ஃபிரேம் போனது, இரண்டாவது வந்தது, மூன்றாவது மோசமாகப் போனது, நான்காவது பெரிய வித்தியாசத்தில் திரும்பி வந்தது. கடைசி ஃபிரேமில் வித்தியாசம் எட்டே புள்ளிதான். இந்தியப் பெண் ஒருவர் இந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை.

எட்டுப் புள்ளி என்றால் எவ்வளவு? ஸ்னூக்கர் மேசையில் 15 சிவப்புப் பந்துகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. முதலில் ஒரு சிவப்பைக் குழிக்குள் தள்ள வேண்டும், அடுத்து ஒரு வண்ணப் பந்து, மறுபடி சிவப்பு. இப்படி மாறி மாறிப் போகும். ஆக ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் 8. உலகப் பட்டத்துக்கும் தோல்விக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தின் விதிகள் நம் ஊட்டியில்தான் எழுதப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது. நெவில் சேம்பர்லைன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1875-ல் ஜபல்பூரில் விளையாட்டாகத் தொடங்கியதை, பிறகு ஊட்டி கிளப்பில் வைத்து ஒழுங்குபடுத்தினார். (அதே பெயரில் பின்னாளில் இங்கிலாந்துக்குப் பிரதமராக இருந்தவர் வேறு ஆள்.)

இனி அறிவியலுக்கு வருவோம். ஸ்னூக்கரைப் பார்க்கும்போது நம் கண் குழிக்குள் விழும் பந்தின் மேலேயே இருக்கும். ஆனால் ஆட்டக்காரரின் கவலையெல்லாம் விழக் கூடாத வெள்ளைப் பந்தைப் பற்றித்தான். கோலால் நேரடியாக அடிக்க முடிவது அந்த ஒன்றை மட்டுமே. சிவப்பு விழுந்த பிறகு வெள்ளை எங்கே போய் நிற்கிறதோ, அங்கிருந்துதான் அடுத்த அடி. தவறான இடத்தில் நின்றால் கறுப்புக்கு வழியே இருக்காது.

வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்பதை உங்கள் வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு கோலிக்குண்டு போதும்.

ஒன்றைத் தரையில் வையுங்கள். மற்றதை விரலை வளைத்துத் தெறித்து, தரையில் உருளாமல் நேரே போய் மோதும்படி அடியுங்கள். சரியாக நடு மையத்தில் பட்டால், அடித்த கோலி அந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிடும், அடிபட்டது ஓடிவிடும். இரண்டும் ஒரே எடை என்பதால் வந்த கோலியின் உந்தம் அப்படியே மற்றதற்குக் கைமாறுகிறது. கேரம் போர்டில் இப்படி நடக்காததையும் கவனித்திருப்பீர்கள். கேரம் காய் 5 கிராம் சொச்சம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். கனமானது லேசானதை மோதினால் எல்லா உந்தத்தையும் கொடுக்க முடியாது, மிச்சத்தோடு முன்னே போகும்.

இப்போது அதே கோலியைக் கையால் தரையில் உருட்டி விடுங்கள். மோதியதும் ஒரு கணம் நிற்கும், பிறகு மெல்ல முன்னே நகரும். உற்றுப் பார்த்தால் அந்தத் தயக்கம் கண்ணுக்குத் தெரியும். ஏன்? உருளும் பந்துக்கு இரண்டு வகை இயக்கம் உண்டு: முன்னே போவது ஒன்று, தன்னைத்தானே சுற்றுவது இன்னொன்று. மோதலில் கைமாறுவது முன்னே போகும் வேகம் மட்டும். சுழற்சி பந்திலேயே தங்கிவிடுகிறது. நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பந்தைத் தரையின் உராய்வு பிடித்து முன்னே தள்ளுகிறது. கணக்குப் போட்டால் பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு அதற்குத் திரும்பக் கிடைக்கும். நொடிக்கு 70 சென்டிமீட்டர் வேகத்தில் உருண்டு வந்திருந்தால், மோதிய பிறகு சுமார் 20 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும்.

ஸ்னூக்கர் ஆட்டக்காரரின் வித்தை இந்த மிச்சச் சுழற்சியில்தான் இருக்கிறது. பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். மையத்துக்கு 10.5 மில்லிமீட்டர் மேலே கோல் பட்டால், பந்து முதல் கணத்திலிருந்தே வழுக்காமல் உருளும். மையத்துக்குக் கீழே அடித்தால் பந்து பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே முன்னே வழுக்கும். அந்தச் சுழற்சி தீருவதற்குள் மோதிவிட்டால், நின்ற பந்தை உராய்வு இந்த முறை பின்னுக்கு இழுக்கும்! முன்னே ஓடிய வெள்ளைப் பந்து அடித்தவரை நோக்கித் திரும்பி வருவதை முதன்முதலில் பார்க்கிறவர்கள் வியந்துபோவார்கள். நானும் வியந்தேன்.

ஓரத்தில் அடிக்கும்போது கோல் வழுக்கிவிடாமல் இருக்க, அதன் தோல் முனையில் ஒரு நீலக் கட்டியைத் தேய்ப்பார்கள். சாக் என்று பெயர். ஆனால் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் அல்ல. மணல் போன்ற சொரசொரப்பான சிலிக்கா துகள் கலந்தது.

நேருக்கு நேர் மோதாமல் சாய்வாக மோதினால் என்ன ஆகும்? திண்ணையிலோ சிமென்டுத் தரையிலோ கோலமாவை மிக லேசாகத் தூவிக்கொள்ளுங்கள். ஒரு கோலியை நடுவில் வைத்து, மற்றதை அதன் பாதியில் படும்படி உருட்டுங்கள். மாவில் இரண்டு தடங்கள் பதியும். மோதிய இடத்தில் அவற்றுக்கு நடுவில் ஏறக்குறைய ஒரு செங்கோணம், அதாவது 90 பாகை இருக்கும். ஒரே எடையுள்ள இரண்டு பந்துகள் சக்தியை வீணாக்காமல் மோதினால் எப்போதும் இப்படித்தான். ஆனால் உருட்டிய கோலியின் தடம் அப்படியே நேராகப் போகாது. கொஞ்ச தூரத்துக்குள் முன்பக்கமாக வளையும். மிச்சச் சுழற்சி செய்கிற வேலை அது.

அந்த வளைவு ஒரு பரவளையம் என்று கணக்கால் காட்டியவர் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. மேசைப் பந்தாட்டத்தின் கணிதத்துக்கென்றே 1835-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதே ஆண்டில் சுழலும் இயந்திரங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் வேறொரு விளைவையும் விளக்கினார். பூமி சுற்றுவதால் அதன் மேல் நகரும் காற்று திசை திரும்புவது அந்த விளைவால்தான். வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதற்கும் அதுவே காரணம். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயலும் அப்படித்தான் சுற்றியது. பந்தின் சுழற்சியையும் புயலின் சுழற்சியையும் ஒரே மனிதரின் கணக்கு தொட்டது எனக்குத் தீராத ஆச்சரியம்.

சுழற்சி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை மேசைத் துணி தீர்மானிக்கும். முழு அளவு மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். ஒரு டன்னுக்கு மேல் எடை. அடியில் வழவழப்பான ஸ்லேட் கல், அதன் மேல் பச்சைக் கம்பளித் துணி. கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் பந்தின் ஓட்டம் மந்தமாகும், ஓரத்து ரப்பரில் பட்டுத் திரும்பும் விதமும் மாறும். காவிரி டெல்டாப் பிள்ளைகளுக்கு ஈரப்பதத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கருவியை வைத்து 17 சதவீதம் தாண்டிவிட்டதா என்று பார்ப்பதும், தாண்டினால் நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைப்பதும் நீங்கள் பார்த்ததுதானே? களத்து நெல்லைப் போலவே துணியையும் காயவைக்க வேண்டியிருக்கிறது. தொழில்முறைப் போட்டிகளில் அதற்காகவே கல்லுக்கு அடியில் மின்சூடேற்றிகள் பொருத்துகிறார்கள்.

ஈரத்துக்கு அந்தக் காலத்துப் பந்துகளும் தப்பவில்லை. யானைத் தந்தத்தில் கடைந்தவை அவை. ஒரு தந்தத்தில் சில பந்துகளே கிடைக்கும். அதற்காக எத்தனை யானைகள் கொல்லப்பட்டன என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. அவ்வளவுக்கும் பிறகு அந்தப் பந்து ஈரத்தில் கோணிப்போகும். இன்றைய பந்துகள் ஃபீனால் பிசினில் வார்த்தவை. ஈரம் அவற்றை ஒன்றும் செய்யாது.

ஐப்பசி அடைமழையில் வெளியே விளையாட முடியாத நாளில் இதைச் செய்து பாருங்கள். பிளந்த மூங்கில் துண்டு ஒன்றை இரண்டு புத்தகங்களின் மேல் சாய்த்து வையுங்கள். அதன் கீழ்முனையில் மழைக்காற்றில் நமத்துப்போன போர்வை ஒன்றைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். மூங்கிலின் மேல்முனையிலிருந்து கோலியை விடுங்கள், தள்ள வேண்டாம். எவ்வளவு தூரம் போகிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பத்துத் தடவை செய்து சராசரி எடுங்கள். வெயில் வந்ததும் போர்வையை நன்றாகக் காயவைத்து, அதே மூங்கில், அதே புத்தகங்கள், அதே கோலியோடு மறுபடி பத்துத் தடவை. இரண்டு சராசரிக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்பதை அம்மா, அப்பாவுக்குக் காட்டி, எங்களுக்கும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.