மூக்கின் நிழலுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

மகளின் வேலை விண்ணப்பத்தோடு அனுப்ப நல்ல முகப்படம் ஒன்று வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போய் ப்ளாஷ் போட்டு எடுப்பதா, வீட்டு ஜன்னலோரம் நிற்கவைத்து செல்போனிலேயே எடுத்துவிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். “இயற்கை வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லது என்கிறார்களே, இதில் அறிவியல் ஏதாவது உண்டா?” என்று கூடவே ஒரு வரி.

‘இயற்கை’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் எண்ணெய்க்கும் சோப்புக்கும் விலை ஏறுகிற காலம் இது. வெளிச்சத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். தன்மேல் வந்து விழுகிற போட்டான் சூரியனில் புறப்பட்டதா, ப்ளாஷின் செனான் குழாயில் புறப்பட்டதா என்று கேமராவின் சென்சார் விசாரிப்பதில்லை. நிறத்தில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை; நடுப்பகல் வெயிலும் ஸ்டூடியோ ப்ளாஷும் 5500 கெல்வினை ஒட்டியே இருக்கும். ஆனாலும் ஜன்னலோரம் எடுத்த முகம் களையாக இருக்கிறது, செல்போன் ப்ளாஷில் எடுத்த முகம் போலீஸ் பதிவேட்டுக்குப் போகிறது. வாசகர் பார்த்தது பொய்யில்லை. அதற்குச் சொல்லப்படுகிற காரணம்தான் பொய்.

நிஜக் காரணத்துக்கு வருவோம். முகத்தின் இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? எந்தப் பக்கம் இருக்கிறது? விஷயம் பெரும்பாலும் இந்த இரண்டில் முடிந்துவிடும்.

சூரியன் நமக்குத் தெரிவது ஏறத்தாழ அரை டிகிரி அகலத்தில். 7 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சாதாரண கேமரா ப்ளாஷை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் வைத்தால், அது இரண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அதாவது முகத்தின் கணக்கில் ப்ளாஷ் சூரியனைவிட ஐந்து மடங்கு அகலமான விளக்கு. இயற்கை வெளிச்சம் மென்மையானது என்பவர்கள் மே மாத மதியம் பன்னிரண்டரைக்கு மொட்டைமாடியில் நின்று ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும். புருவத்துக்குக் கீழே இரண்டு குழி, மூக்குக்குக் கீழே ஒரு மீசை.

அகலம் ஏன் இவ்வளவு முக்கியம்? கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ஒரு தூண். பாயச வாளியோடு ஒரே ஒருவர் ஓரிடத்தில் நின்றபடி, கண்ணில் படுகிற இலைக்கெல்லாம் கரண்டியால் வீசுகிறார் என்று வையுங்கள். (எந்தப் பந்தியிலும் இப்படி நடக்காது; அறிவியலுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) தூணுக்குப் பின்னால் உட்கார்ந்த மாமாவுக்கு ஒரு சொட்டு கிடையாது. அவருக்கு அடுத்த இலைக்கு முழுக் கரண்டி. பட்டினிக்கும் விருந்துக்கும் நடுவே சுண்ணாம்பால் கோடு கிழித்துவிடலாம். இப்போது எதிர்ச்சுவரை ஒட்டி ஐம்பது பேரை வாளியோடு வரிசையாக நிறுத்துங்கள். தூண் மறைத்தாலும் மாமாவுக்கு வரிசையின் கோடியில் நிற்கும் நாலு பேர் தெரிகிறார்கள். நாலு கரண்டி வந்துவிடுகிறது. அடுத்தவருக்குப் பதினைந்து பேர், அதற்கடுத்தவருக்கு முப்பது. கோடு கிழிக்க இடமே இல்லை. சரி, அந்த ஐம்பது பேரையும் அப்படியே கிளப்பி இரண்டு தெரு தள்ளி நிற்கவைத்தால்? வரிசையின் நீளம் குறையவில்லை, ஆனால் பந்தியிலிருந்து பார்த்தால் மொத்தப் பேரும் ஒரு ஆள் அகலம்தான். தூணுக்குப் பின்னால் எல்லோருமே மறைந்துவிடுவார்கள். மாமா மறுபடி பட்டினி. ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள சூரியன், 15 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று செய்கிற காரியம் இதுதான். மாமாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு வந்ததில் பாதியை அவர் இலைக்குத் தள்ளிவிடும் அத்தையும் உண்டு. சினிமாக்காரர்கள் அந்த அத்தையை வெள்ளைத் தெர்மாகோல் என்பார்கள். உவமையை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ‘போதும்’ என்று சொன்னால் எந்த ஒளியும் நிற்காது.

பள்ளியில் கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படம் வரைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைப் பார்க்கக் கிரகணம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், துணி காயப்போடும் கொடிக்கயிறு போதும். சூரியனின் அரை டிகிரியைக் கணக்கில் எடுத்தால், எந்தப் பொருளின் கருநிழலும் அதன் தடிமனைப்போல் சுமார் 108 மடங்கு தூரத்தில் தீர்ந்துபோகும். 5 மில்லிமீட்டர் கயிறென்றால் 54 சென்டிமீட்டர். நல்ல வெயிலில் கயிற்றுக்கு ஒரு சாண் கீழே கையை நீட்டுங்கள். கறுப்பாக ஒரு கோடு விழும். கையைக் கீழே இறக்க இறக்க கோடு வெளிறி, அகன்று, முழங்கால் உயரத்தில் ஏதோ ஒரு சாம்பல் பட்டையாகிவிடும். அதே கயிற்றில் உட்கார்ந்திருக்கும் காக்கையின் நிழல் மட்டும் தரையில் அப்படியே கிடக்கும்.

முகத்துக்கு வருவோம். மூக்கு, கன்னத்தின் மட்டத்திலிருந்து 2 சென்டிமீட்டர் எழும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நேர் வெயிலில் மூக்கின் நிழலுக்கு விளிம்பு, அதாவது புறநிழல், சுமார் 0.2 மில்லிமீட்டர், பிளேடால் வெட்டியதுதான். ஒன்றரை மீட்டரில் வைத்த ப்ளாஷுக்கு சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் அகல ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் விளிம்பின் அகலம் 2 சென்டிமீட்டர், வெயிலைப்போல் நூறு மடங்கு! விளிம்பே கன்னம் முழுவதும் பரவிவிடுவதால் ‘நிழல்’ என்று சுட்ட ஒன்றும் மிஞ்சாது, கன்னத்தின் வளைவு மட்டும் தெரியும். நாம் களை என்று சொல்வதில் பாதி இந்த இரண்டு சென்டிமீட்டர்தான். இப்போது அந்த ப்ளாஷை, ஒரு மீட்டர் அகல வெள்ளைக் குடைக்குள் அடித்து, குடையை முகத்திலிருந்து ஒரு மீட்டரில் நிறுத்தினால் என்ன ஆகும்? அதே 2 சென்டிமீட்டர். மூக்குக்கு ஜன்னலும் குடையும் ஒன்று.

அகலத்தால் இன்னொரு லாபமும் உண்டு. தோலின் மேற்பரப்பு, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கை உள்ளே விடாமல் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பும். எண்ணெய் வழிகிற நெற்றியில் தெரியும் பளபளப்பு அதுதான்; உண்மையில் அது விளக்கின் பிம்பம். முகத்தில் விழும் மொத்த வெளிச்சத்தை மாற்றாமல் விளக்கை அகலத்தில் பத்து மடங்கு, உயரத்தில் பத்து மடங்கு பெரிதாக்கினால், பிம்பத்தின் பிரகாசம் நூறில் ஒன்றாகக் குறையும். தோலின் நிறமியான மெலனின் இருப்பது மேற்பரப்புக்குக் கீழே. அதனால் இந்த நாலைந்து பங்கு கறுப்புத் தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் ஒன்றே. கறுத்த முகத்தில் உள்ளிருந்து திரும்பி வரும் ஒளி குறைவு என்பதால், மேற்பரப்பின் பளபளப்பு எடுப்பாகத் தெரிகிறது. ஆள் கறுப்பு என்றால் ப்ளாஷைக் கூட்டு என்று சில ஸ்டூடியோக்களில் இருக்கும் பழக்கம் இங்கேதான் இடறுகிறது. கூட்டினால் நெற்றியின் வெள்ளைத் திட்டும் சேர்ந்தே கூடும். பெரிதாக்க வேண்டியது விளக்கின் அளவை. அதன்பிறகு கணினியில் முகத்தை இரண்டு சாயல் வெளுத்துக் கொடுப்பது வேறு வியாதி. அதற்கு இயற்பியலில் மருந்து இல்லை.

ப்ளாஷுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது அது பொருத்தப்பட்ட இடம். லென்ஸுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால், லென்ஸ் பார்க்கிற இடமெல்லாம் வெளிச்சம்; மூக்கின் நிழல் மூக்குக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ள, முகம் தட்டையாகிவிடுகிறது. விழித்திரையின் ரத்தச் சிவப்பும் நேராகத் திரும்பி லென்ஸுக்கே வருகிறது. பின்னால் இருப்பதோ இருட்டு. முகம் ஒரு மீட்டரில், சுவர் மூன்று மீட்டரில் என்றால் சுவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்குதான்.

வரலாறு இல்லாமல் விட்டால் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். 1860-களில் மக்னீசியக் கம்பியை எரித்துப் படம் எடுத்தார்கள். 1887-இல் ஜெர்மனியில் மீத்தே, காடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியில் வெடிமருந்துச் சரக்குகளைக் கலந்தார்கள். வெளிச்சத்தோடு புகையும் தீக்காயமும் வந்தன. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் மின்னணு ப்ளாஷைப் பக்குவப்படுத்தினார். இவை எல்லாமே வெளிச்சத்தைக் கூட்டிய கதை. பெரிதாக்கிய கதை ஒன்று நம் பக்கத்தில் நடந்தது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காக (1956) காசியின் வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். முற்றத்தில் விழுவது வானத்தின் வெளிச்சம். ஸ்டூடியோ விளக்குகளை நேராக அடித்தால் பொய் பல்லிளிக்கும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து துணியின் மேல் அடித்தார். துணி வானமாயிற்று. ஏழு பத்தியாக நான் மூச்சுப் பிடித்துச் சொன்னதை அவர் ஒரு துணியில் சொல்லிவிட்டார்.

கடைக்காரர்கள் துணியை விற்பதில்லை, மாற்று வழிகளை விற்கிறார்கள். ப்ளாஷின் மேல் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்று ‘மென்மையாக்கும்’ என்ற வாசகத்தோடு வருகிறது. மூடியின் அகலம் கிட்டத்தட்ட ப்ளாஷின் அகலம்தான் என்றால் எதைப் பெரிதாக்கியது? சின்ன அறையில் வெளிச்சம் சிதறிச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதால் கொஞ்சம் பலன் உண்டு. வெட்டவெளியில் பேட்டரிச் செலவு மட்டுமே. செல்போனில் இருப்பதோ செனான் ப்ளாஷே அல்ல, சில மில்லிமீட்டர் அகல எல்.இ.டி. 4 மில்லிமீட்டர் என்று வைத்து அறுபது சென்டிமீட்டரில் பிடித்தால், சூரியனைவிடச் சின்னதாகத் தெரியும். அதுவும் லென்ஸின் காதோரத்தில். இரண்டு பாவத்தையும் ஒரே இடத்தில் செய்கிற விளக்கு அது. யூடியூபர்களின் வளைய விளக்கு பெரியதுதான், நிழலும் மென்மைதான். ஆனால் நேர் எதிரே நிற்பதால் முகத்தில் மேடுபள்ளம் தெரியாது. பாஸ்போர்ட்டுக்கு அதுவே சரி. முகத்திலும் பின்புலத்திலும் நிழல் கூடாது, கண் சிவக்கக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. முகத்தை அளக்கும் இயந்திரத்துக்குக் களை எதற்கு?

அப்படியானால் ஸ்டூடியோ ப்ளாஷுக்கு என்ன வேலை என்றால், அதன் நிஜமான பலம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பது. ஒரு அலுவலகத்தில் நாற்பது பேருக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வேண்டும், முதல் ஆள் காலை பத்து மணிக்கு, கடைசி ஆள் மாலை ஐந்துக்கு; ஜன்னலை நம்பினால் ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு நிறம், ஒரு அளவு. குடைக்குள் அடித்த ப்ளாஷில் நாற்பதும் ஒரே அச்சு. ஐப்பசி அடைமழையில் ஜன்னல் கைவிட்டாலும் ப்ளாஷ் கைவிடாது.

ஒரே ஒரு மகள், ஒரே ஒரு படம் என்றால் ஜன்னல் போதும். நேர் வெயில் விழாத ஜன்னலாக இருக்கட்டும். ஜன்னலின் அகலத்தைவிட அதிகம் தள்ளி உட்கார வேண்டாம். வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுமார் 45 டிகிரியில் முகத்தில் விழட்டும். மறுபக்கம் இருட்டினால் வெளுத்த வேட்டி ஒன்றை நாற்காலியில் தொங்கவிடுங்கள். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் ஒரே முகத்தில் சேர்ந்தால் அதைச் சரிசெய்ய எந்தச் செயலியாலும் ஒழுங்காக முடியாது. செல்போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருக்கும், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

ஸ்டூடியோவுக்கே போவதென்று முடிவானால், என்ன விளக்கு என்று அங்கே யாரையும் கேட்க வேண்டாம். எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி மகளின் கருவிழியைப் பாருங்கள். விழியின் முன்பக்கம் ஒரு குவியாடி, எதிரே நின்ற விளக்கு அதில் பொடிசாகத் தெரியும். கட்டமாக, மேலோரத்தில் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பெட்டிவிளக்கு (சாஃப்ட்பாக்ஸ்). வட்டத்துக்குள் குச்சிகள் தெரிந்தால் குடை. வளையமென்றால் வளைய விளக்கு. நட்டநடுவில் ஊசிமுனைப் புள்ளி ஒன்றுதான் இருக்கிறது என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே இன்னொரு படம் எடுக்கச் சொல்லிவிடலாம்.