மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு

சரக்குத் தேக்கம், வசூலாகாத பாக்கி, வட்டி என்று கவலைப்படாத வியாபாரி இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, கல்லாவில் உட்காரவே பிடிக்காமல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் செல்லுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவிக்கு 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் சிகிச்சையோடு யோகப் பயிற்சியும் தருகிறார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, தேர்ந்தவரிடம் பழகலாம். யோகம் துணைதான், மருந்துக்கு மாற்றாகாது.

பக்கத்துக் கடை சில நாட்களாகத் திறக்கவில்லையா? பாக்கி கேட்குமுன் நலம் விசாரியுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.