மத்திகிரி மண்ணில் இவ்வளவு வியாபார வித்தையா? தெரியுமா உங்களுக்கு?

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை சாலையில் கொஞ்ச தூரம் போனாலே மத்திகிரி. 1824-ல் வெள்ளையர் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க ஏற்படுத்திய பண்ணை, 1,600 ஏக்கருக்கு மேல் இன்றும் அங்கே பரந்து கிடக்கிறது. இப்போது அது கால்நடைப் பராமரிப்புத் துறையின் பண்ணை. அதே மத்திகிரியில்தான் டைட்டன் டவுன்ஷிப். சொந்தத் தொழில் தொடங்க நினைக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கம்பெனியின் கதையைக் கேட்டே ஆக வேண்டும்!

1984-ல் டைட்டனைத் தொடங்க டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்தபோது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் சாவி கொடுக்கும் கடிகாரம். டைட்டனோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை நம்பி இறங்கியது! முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய் வேலைக்கு எடுத்தது யாரை தெரியுமா? பெரிய அனுபவசாலிகளை அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளை! ஓசூருக்கு அழைத்துவந்து, தலைமுடியைவிடச் சற்றே பெரிய திருகாணியைக் கையாளப் பழக்கினார்கள்.

டைட்டன் விளம்பரத்தில் வருமே ஓர் இசை, அது மோட்சார்ட்டின் 25-வது சிம்பொனி. 1773-ல் அதை எழுதியபோது அவருக்கு வயது 17 தான்! ஓசூரில் கடிகாரம் கோத்த பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. வார்த்தையே வேண்டாம், இசை கேட்டதும் கம்பெனி பெயர் நினைவுக்கு வருகிறது. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

2002-ல் வந்த டைட்டனின் ‘எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரம் வெறும் 1.15 மில்லிமீட்டர்! அதே 2002-ல், ஓசூரில் மொபெட் செய்து ஆரம்பித்த டி.வி.எஸ். மோட்டார், தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. 1980-ல் அவர்கள் விட்ட டி.வி.எஸ். 50 தான் நம் நாட்டின் முதல் இரண்டு இருக்கை மொபெட். பால் கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு எத்தனை சிறு வியாபாரிகளை அது வாழவைத்திருக்கிறது!

ஆனால் என்னை அசரவைத்தது டைட்டனின் நகைக்கடையான தனிஷ்க் கதைதான். முதல் கடை 1996-ல் சென்னையில் திறந்தது. ஆரம்பத்தில் 18 காரட் நகை; நம்மவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். குடும்ப ஆசாரியை விட்டுவிட்டுப் புதுக் கடைக்கு யார் போவார்கள்? அப்போது அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் காரட் மீட்டர்! நகையை உருக்காமல், உரசாமல், எக்ஸ்ரே கதிரை வைத்துச் சில நிமிடங்களில் சுத்தத்தைச் சொல்லிவிடும் கருவி. எங்கே வாங்கிய நகையானாலும் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். 22 காரட் என்று பல வருடம் பீரோவில் பூட்டிவைத்த வளையல், கண்ணெதிரே 19 என்றும் 20 என்றும் காட்டினால் ஒரு பெண்ணின் மனம் என்ன பாடுபடும்! அங்கேயும் அவளை நோகவிடவில்லை. 19 காரட்டுக்கு மேல் இருந்தால், செய்கூலி மட்டும் கொடுத்து 22 காரட் நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். தன் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வாங்குபவரின் சந்தேகத்தை அவர் கண் முன்னாலேயே தீர்த்துவைத்தார்களே, அதுதான் மார்க்கெட்டிங்! நோட்டீஸ் அடிப்பதும் பேனர் கட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

இதற்கெல்லாம் கோடி கோடியாக முதல் வேண்டுமே என்கிறீர்களா? அப்படியானால் ‘மெடோ’ பற்றித் தெரியுமா? மைராடா தொண்டு நிறுவனம் கட்டிய மகளிர் குழுக்களிலிருந்து புறப்பட்ட கம்பெனி அது. இந்தச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் டைட்டன் கடிகாரத்துக்கு உலோகச் செயின் கோத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். கேன்டீனுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தார்கள், சீருடை துவைத்துக் கொடுத்தார்கள். கூலிக்கு நின்றவர்கள் அல்ல. அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களே அவர்கள்தான்!

இன்று ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வரிசையாக வந்திருக்கின்றன. ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் சாப்பாடு, துணி, அட்டைப்பெட்டி, சின்னச் சின்னக் கோர்ப்பு வேலை என்று வெளியே கொடுக்க வேண்டிய வேலை இருக்கும். உங்கள் ஊர் மகளிர் குழு ஒன்றாகக் கிளம்பி, பக்கத்துக் கம்பெனிக்குப் போய், என்ன வேலை வெளியே தருகிறீர்கள் என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.