இறுக்க இறுக்க ஒழுகும் மூடி

கடுகு தாளிக்கும்போது அம்மா சட்டியின்மேல் ஒரு தட்டைக் கவிழ்ப்பார். பூட்டுவதில்லை, அழுத்துவதில்லை, சும்மா கவிழ்ப்பதுதான். வெடிக்கிற கடுகும் தெறிக்கிற எண்ணெயும் தட்டில் மோதி மறுபடி சட்டிக்குள்ளேயே விழும். கார் இன்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ராக்கர் கவருக்கும் இதைவிடப் பெரிய வேலை கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பேக்கிங்கும் ஒரு கோடைக்காலமும் செலவாயின.

கார், பெரியப்பா விட்டுப்போன அம்பாசடர். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனில் ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி. என்று பல வண்டிகளைச் சுமந்த பி-சீரிஸ் குடும்பத்துப் பிள்ளை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆம்பூரில் என் வீட்டு வாசலில் மட்டும் அது தினமும் தரையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. காலையில் வண்டியை எடுத்தால் சிமெண்டுத் தரையில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறை. வேலூர் போகும் வழியில் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் நின்றால் போதும், பழைய எண்ணெயில் வடை சுட்ட மாதிரி ஒரு தீய்ந்த நாற்றம் உள்ளே வரும்.

முதலில் பார்த்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார், ரிங் ஸ்பேனரை எடுத்தார், மூடியின் இரண்டு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். “முடிஞ்சது சார்.” ஒரு வாரம் கறை இல்லை. அடுத்த வாரம் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. மறுபடி இறுக்கினார். மறுபடி ஒழுகியது.

பேருக்கு ஒரு சின்ன விளக்கம். நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் ராக்கர் கவர் என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள்; டேப்பட் கவர் என்றால் உடனே கை அங்கே போகும். உண்மையில் அம்பாசடர் இன்ஜினில் டேப்பட்டுகள் மேலே இல்லை. அவை பிளாக்கின் பக்கவாட்டில், மேனிபோல்டுக்குப் பின்னால், தனி மூடிகளுக்குள் இருக்கின்றன. மேலே இருப்பவை ராக்கர் ஆர்ம்கள். ஏற்றம் இறைக்கும் துலாவைப் போல நடுவில் தாங்கி நிற்பவை. கேம் ஷாஃப்ட் கீழிருந்து டேப்பட்டைத் தள்ள, அது புஷ் ராடைத் தள்ள, ராட் துலாவின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். எட்டு வால்வு, எட்டு துலா. ஆகவே பேக்கிங் வாங்கப் போகும்போது “டேப்பட் கவர் பேக்கிங்” என்று மட்டும் சொல்லாமல், மேல்மூடிக்கா பக்க மூடிக்கா என்று சேர்த்துச் சொல்வது பஸ் காசை மிச்சப்படுத்தும். நான் மிச்சப்படுத்தவில்லை.

இந்தத் துலாக்கள் காய்ந்துபோகாமல் இருக்க, அடியில் உள்ள ஆயில் சேம்பரிலிருந்து பம்ப் எண்ணெயை மேலே அனுப்புகிறது. அழுத்தம் எல்லாம் ராக்கர் ஷாஃப்டின் துளைகள் வரைதான். அங்கிருந்து வெளியே வந்த எண்ணெய் துலாக்களின்மேல் வழிந்து, தெறித்து, புஷ் ராட் போகும் ஓட்டைகள் வழியாகச் சொந்தக் கனத்திலேயே கீழே இறங்கிவிடும். அதாவது மூடிக்குக் கீழே இருப்பது தாளிப்புச் சட்டி, குக்கர் அல்ல. தெறிப்பதைத் தடுத்தால் போதும்.

அப்படியானால் ஏன் ஒழுகுகிறது? ஒன்று, மூடிக்கும் தலைக்கும் நடுவில் இருப்பது கெட்டிருக்கும். அல்லது சட்டி குக்கராக மாறியிருக்கும்.

முதலாவதைப் பார்ப்போம். ஆம்பூரில் பிரியாணி தேக்சாவைத் தம்முக்கு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேக்சாவின் விளிம்பு ஆண்டுக்கணக்கில் அடிபட்டு நெளிந்திருக்கும், மூடியும் அப்படியே. இரண்டும் எங்கும் ஒட்டிப் பொருந்தாது. நடுவில் மைதா மாவைக் கயிறாகத் திரித்து வைத்தால், மேடு இருக்கும் இடத்தில் அது நசுங்கும், பள்ளம் இருக்கும் இடத்தில் நிறையும். பேக்கிங் என்பது அந்த மாவுதான். தேக்சா மூடியை யாரும் போல்ட் போட்டு முடுக்குவதில்லை. மூடியின் கனமும் மேலே போட்ட தணலின் கனமும் போதும். ஏறி உட்கார்ந்தால் மாவு பிதுங்கி வெளியே வந்துவிடும், உலோகம் உலோகத்தைத் தொடும், அந்த இடத்தில் ஆவி சீறும். எங்கள் மெக்கானிக் செய்தது அதைத்தான்.

அம்பாசடரின் மேல்மூடிக்குப் போடுவது கார்க். கார்க்கும் ரப்பரும் ஒரே மாதிரி நசுங்குவதில்லை. இட்லியை விரலால் அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்றறைகள் சுருங்கும், பக்கவாட்டில் பெரிதாக விரியாது, விட்டால் எழும். மைதா உருண்டையை அமுக்கினால் கன அளவு குறையாது, பக்கத்தில் பிதுங்கும். கார்க் இட்லி, ரப்பர் மைதா உருண்டை. மெல்லிய தகட்டு மூடிக்கு இட்லிதான் பொருத்தம். கொஞ்சம் அழுத்தினாலே இடத்தை நிரப்பிவிடும். ஆனால் நேற்றைய இட்லி எப்படியோ அப்படித்தான் பழைய கார்க்கும். சூட்டில் ஈரம் போய்ச் சுருங்கி, விறைத்து, அமுக்கினால் எழாது, உதிரும். வேலூர்ப் பக்கத்துக் கோடை இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். கடையில் பல நாள் கிடந்து சுருங்கிய புது கார்க்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து விரியவைப்பது பழைய கைப்பக்குவம்.

இந்த ஊர்க்காரனுக்கு வரும் அடுத்த யோசனை எனக்கும் வந்தது. தோல் துண்டுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒரு துண்டை வெட்டிப் போட்டால் என்ன? கிறுக்குத்தனம் இல்லை. செயற்கை ரப்பர் பரவுவதற்கு முன்பு ஆயில் சீல்களைத் தோலில்தான் செய்தார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாஷர் இன்றைக்கும் பல இடங்களில் தோல்தான். ஆனால் டேனரியில் குரோம் பதனிட்ட தோலைச் சோதிக்க என்ன செய்வார்கள் தெரியுமா? ஒரு துண்டைக் கொதிக்கும் நீரில் போடுவார்கள். சுருளாமல் கிடந்தால் குரோம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தோல் அந்தச் சூட்டைத் தாங்காது, அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். குரோம் தோல் கொதிநீரைத் தாங்கினாலும், அதை மெத்தென்று வைத்திருப்பது பதனிடும்போது ஊட்டிய எண்ணெய்ப் பசை. இன்ஜின் தலையின் சூட்டில் மாதக்கணக்காக வெந்தால் அது நிலைக்காது, தோல் விறைத்துவிடும். தோலை ஷூவுக்கே விட்டுவிட்டேன்.

இனி இரண்டாவது காரணம், சட்டி குக்கராவது. பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயு கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே கசியும். அது மேலே ஏறி ராக்கர் கவரின் பக்கத்திலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாய் வழியாக வெளியேற வேண்டும். இட்லிப் பானை மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, அதுதான் இந்தக் குழாய். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அல்வாவாகி அடைத்துக்கொண்டால், வாயுவுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். பலவீனமான இடம் பேக்கிங். எண்ணெயையும் தள்ளிக்கொண்டு அங்கே வெளியே வரும். எத்தனை புது பேக்கிங் போட்டாலும் நிற்காது.

இரண்டாவதாகப் போன பழைய ஒர்க்‌ஷாப்பில் பெரியவர் ஒருவர். ஸ்பேனரைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார், உள்ளங்கையை மேலே பிடித்தார்.

“மூச்சு விடுதா, பாய்?” என்றேன்.

“கொஞ்சூண்டு விடுது தம்பி. அது பரவால்ல. கையைத் தள்ளிச்சுன்னா ரிங் போச்சு, பேக்கிங் மாத்தி பிரயோஜனம் இல்ல. அடுப்பைக் குறைக்காம பொங்குற கஞ்சிக்கு மூடி மாத்துற கதைதான்.”

அடுத்து அந்த ரப்பர் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். முகம் சிவந்ததே தவிர காற்று போகவில்லை. “இத முதல்ல பாத்திருக்கணும்,” என்றார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பியில் துணி சுற்றிக் குடைந்து எடுத்தபோது வந்தது கருப்பட்டிப் பாகு போல இருந்தது.

வேலையை அவர் வழி சொல்ல, நான் வீட்டில் செய்தேன். முதலில் கண்டுபிடிப்பு. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் ஒழுகும் இடம் அல்ல. இன்ஜினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, காயவைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றி முகப் பவுடர் தூவினேன். பத்து நிமிடம் ஓடவிட்டதும் மேனிபோல்டு பக்கத்து விளிம்பில் ஒரு கருமை படர்ந்தது. ஈரத்தின் மிக உயரமான புள்ளி அதுதான். சூடான மேனிபோல்டுமேல் விழுந்துதான் தீய்ந்த நாற்றம். ஒரு நட்டின் அடியிலும் பவுடர் நனைந்திருந்தது. இது பலர் தவறவிடும் இடம். உள்ளிருந்து நீளும் ஸ்டட் மூடியைத் துளைத்து வெளியே வருகிறது; அந்தத் துளையை அடைப்பது நட்டுக்குக் கீழே உள்ள சின்ன ரப்பர் புஷ். அது கல்லாகியிருந்தது. பேக்கிங்கோடு அதையும் மாற்றவேண்டும்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியைக் கழற்றினேன். ஸ்குரூ டிரைவரை விளிம்பில் நுழைத்து நெம்பக்கூடாது, தகடு நெளியும். கையால் பக்கவாட்டில் இரண்டு தட்டு போதும். தலையில் ஒட்டியிருந்த பழைய கார்க்கைச் சுரண்டுவதற்கு முன் புஷ் ராட் ஓட்டைகளில் சுத்தமான துணியைத் திணித்தேன். உதிரும் துகள் உள்ளே விழுந்தால் நேரே எண்ணெய்க்குள்தான் போகும்.

மூடி நேராக இருக்கிறதா என்று பார்க்க வீட்டில் கிரானைட் சமையல் மேடையைவிடச் சமமான இடம் இல்லை. கவிழ்த்து வைத்தால் ஒரு மூலை டக் டக்கென்று ஆடியது. இறுக்கிய இறுக்கின் பலன். மரக்கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஆட்டம் நிற்கும்வரை சரிசெய்தேன்.

“எண்ணெய்ப் பிசுக்கோட அத ஏன்டா அடுப்பு மேடைல வெச்சிருக்க?” என்றார் அம்மா. பெட்ரோல் போட்டுத் துடைத்தாகிவிட்டது என்றதற்கு, “அப்ப பெட்ரோலா?” என்றார். நியாயமான கேள்வி.

பேக்கிங்கை மூடியில்தான் ஒட்ட வேண்டும், தலையில் அல்ல. அடுத்தமுறை மூடியோடு முழுசாக வரும். மெல்லிய பூச்சாகப் பசை, அதற்குமேல் வேண்டாம். பாலிதீன் தாளை விரித்து, மூடியைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியைக் கிடத்தி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் கார்க்கின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி இடத்தில் வைத்தேன்.

மூடி திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு, எந்த வால்வு முழுதாக அழுந்தியிருக்கிறதோ அதை 9-லிருந்து கழித்தால், அப்போது அளக்கவேண்டிய வால்வின் எண் வந்துவிடும். 8 அழுந்தியிருந்தால் 1-ஐ அள, 3 அழுந்தியிருந்தால் 6-ஐ அள.

கடைசியாக இறுக்கம். இதே பி-சீரிஸின் பெரிய வடிவம் ஓடிய எம்.ஜி.பி. காருக்குக் கையேடு சொல்லும் அளவைப் பாருங்கள்: சிலிண்டர் தலை நட்டுக்கு 45 முதல் 50 பவுண்டு-அடி, ராக்கர் கவர் நட்டுக்கு வெறும் 4. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்பேனரின் முனையைப் பிடித்து இழுக்காமல், தலையருகே இரண்டு விரலால் பிடித்து, ஊறுகாய்ப் பாட்டிலை மூடுகிற அளவுக்குத் திருப்பினால் போதும். ஒரு நட்டில் கால் சுற்று, அடுத்ததில் கால் சுற்று என்று மாறி மாறி. இரண்டு நாள் ஓடியபின் கார்க் கொஞ்சம் படிந்திருக்கும். ஆறிய இன்ஜினில் ஒரே ஒருமுறை, தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு ஸ்பேனரை ஒளித்து வைத்துவிடுங்கள்.

கழுவிய மண்ணெண்ணெயையும் துடைத்த துணிகளையும் ஒரு பழைய டின்னில் சேர்த்தேன். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போய் 1996-இல் தீர்ப்பு வாங்கிய பகுதி இது. அந்தத் தண்ணீருக்கு என் பங்காக ஒரு டப்பா கருப்பெண்ணெய் வேண்டாம் என்று, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தேன்.

அன்று ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு ஷூ பெட்டியின் அட்டையைப் பிரித்து விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் குனிந்து பார்த்தால் மேனிபோல்டுக்கு நேர்கீழே அட்டை வெள்ளையாக இருந்தது. பின்முனையில், கியர் பாக்ஸ் சேரும் இடத்துக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு சொட்டு. அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

பெரியவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “அது கிராங்க் ஷாஃப்ட் பின்னாடி தம்பி. அங்க சீலே கிடையாது, வெறும் மரைதான். சுத்தும்போது ஆயில உள்ள திருப்பி அனுப்பும், நின்னா ஒரு சொட்டு விடும்.”

“அதுக்கு என்ன பண்ணலாம் பாய்?”

“அட்டைய மாத்திக்கிட்டே இரு.”