கெசட் போனது, பாட்டு போகவில்லை

கற்பிட்டியில் நான் ரெக்கோடிங் பார் நடத்திய காலத்தில், நோன்பு மாதம் வந்தால் நாகூர் ஈ.எம். ஹனீபாவின் கெசட்டுகள்தான் கடையைத் தூக்கி நிறுத்தும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கெசட்டை, 1982இல் சந்தைக்கு வந்த சீடி மெல்ல ஓரங்கட்டியது. பின்னர் எம்.பி.3 வந்ததும் நூறு பாட்டு ஒரே தட்டில் அடங்கிவிட்டது.

நானோ பெருநாள் வியாபாரத்தை நம்பி, கடனுக்குச் சரக்கு எடுத்தேன். கெசட் தேங்கியது, தவணையோ வந்துவிட்டது. மனைவியின் நகையை விற்றே கடனை அடைத்தேன்.

பெரிய முதல் போட்டவர்களும் தப்பவில்லை. 2006இல் அமெரிக்காவின் டவர் ரெக்கோட்ஸ் கடைகள் மூடப்பட்டன. 2013இல் இங்கிலாந்தின் எச்.எம்.வி. நொடித்தது.

2015இல் ஹனீபா காலமானார். அவர் பாட்டை இன்றும் கையடக்கத் தொலைபேசியில் கேட்கிறோம். மக்கள் தேடியது பாட்டைத்தான், கெசட்டை அல்ல என்பது எனக்குப் பிந்தியே விளங்கியது.

வியாபாரச் சகோதரர்களே, தேங்கும் சரக்கை விலை குறைத்தாவது காலத்தோடு விற்றுவிடுங்கள். அல்லாஹ் பறக்கத் செய்வானாக.