வலி வரும் வழியில் ஓர் ஊசி

பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைக் கட்டிலோரம் உட்காரவைத்து, மோவாயை நெஞ்சில் பதித்து முதுகை வளைக்கச் சொல்கிறார்கள். மயக்க மருத்துவர் இடுப்பெலும்பின் மேட்டைத் தொட்டுப் பார்த்து, அதற்கு நேரே முதுகெலும்புகளின் இடைவெளியைத் தேடுகிறார். தோல் மரத்துப்போக ஒரு சிறு ஊசி. அடுத்தது நீண்ட ஊசி. அதன் பின்னால் உப்புநீர் நிரப்பிய சிரிஞ்ச். கட்டைவிரல் எவ்வளவு அழுத்தினாலும் நகராத சிரிஞ்ச், உள்ளே இருக்கும் மஞ்சள் தசைநாரை ஊசி தாண்டியதும் சட்டென்று இளகிக் கொடுக்கிறது. அந்த இடம்தான் எபிடியூரல் வெளி. நூல் போன்ற குழாயை அங்கே விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுகிறார்கள்.

வலி, நரம்பில் ஓடும் மின்சேதி. சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் பாய்ந்தால்தான் அது நகரும். குழாய் வழியே போகும் பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து அந்தச் சோடியம் வாசலை அடைத்துவிடுகிறது. கர்ப்பப்பை சுருங்கிக்கொண்டேதான் இருக்கிறது. சேதி மட்டும் மூளைக்கு எட்டுவதில்லை. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் நீர்த்த மருந்துக்கே அடங்கும். தசையை இயக்கும் தடித்த இழைகள் எளிதில் அடங்கா. அதனால்தான் வலி தணிந்த பிறகும் தாயால் முக்கிப் பெற முடிகிறது.

இடுப்புப் பகுதியில் இப்படி ஊசி போடும் முறையை 1921-ல் எழுதி வெளியிட்டவர் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹெஸ். 1923-ல் கார் விபத்தில் இறந்துபோனார். ஸ்பானிய மொழியில் இருந்த அவர் கட்டுரை பரவவில்லை. 1931-ல் இத்தாலியின் டோக்லியோட்டி எழுதிய பிறகே உலகம் இதைக் கவனித்தது.

“முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி” என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், நீண்டகால முதுகுவலியில் இருவருக்கும் வித்தியாசம் காணவில்லை. உண்மையான ஆபத்துகள் வேறு: ரத்த அழுத்தம் இறங்கலாம், ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு ஊசி தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து, எழுந்து உட்கார்ந்தால் கடும் தலைவலி வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. பயந்து வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நரம்பை மரக்கவைக்கும் இந்த உத்தி பிரசவத்துக்கு மட்டுமல்ல. கை எலும்பு முறிந்தவருக்குக் காறையெலும்பு அருகிலோ அக்குளிலோ, ஸ்கேன் திரையில் நரம்புக் கொத்தைப் பார்த்தபடியே மருந்து செலுத்துகிறார்கள். பிளேட் பொருத்தும்போதும் அவர் விழித்தே இருக்கலாம். முடிந்ததும், யாருடைய கையோ போல அது தூளியில் கிடக்கும். மரப்பு பல மணி நேரம் நிற்கும். அதுவரை சூடுபடாமல், நசுங்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விரல்நுனி குறுகுறுக்கத் தொடங்கியதும், வலி முழுதாகத் திரும்புவதற்கு முன்பே நர்ஸ் மாத்திரை கொடுக்கிறார்.